தாழ்ப்பாளை எடுத்துவிட்டு அழையுங்கள்

தனியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களுக்குத் தொலைபேசியில் காவலிருக்கும் சேவையை முதல் முறை அழைத்தபோது நான் பொய் முகவரி கொடுத்தேன். என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்த எண் அது. மறுமுனையில் இருந்த பெண் அதைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்டார். "சரி" என்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், ஆம்புலன்ஸ்காரர்கள் யாரோ ஒரு முதியவரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் இரண்டு கட்டடம் தள்ளி நீலம் பாரித்துக் கிடந்திருப்பேன். வெட்கத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறேன்.

இப்போது நான் அழைப்பை எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர்கள் தரும் மெத்தடோன் சிகிச்சையில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு இரவுகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனியாகப் போதைப்பொருள் எடுத்துக்கொள்பவர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை. இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் என்னைப்போல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தாம்.

இதைப் படிக்கும் நீங்கள் தனியாக எடுத்துக்கொள்பவராக இருக்கலாம். அப்படி ஒரு தம்பியோ மகளோ நண்பரோ உங்களுக்கு இருக்கலாம். இரு தரப்புக்கும்தான் எழுதுகிறேன். "இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பழக்கத்தை வளர்த்துவிடுவது ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நான் விட்டது ஆறாவது முயற்சியில். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் நான் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

தொலைபேசி எதற்கு

ஹெராயின், ஃபென்டானில், வீரியமான வலிநிவாரணி மாத்திரைகள் ஆகிய ஓபியாய்டு வகைகள் அளவு மீறும்போது முதலில் கெடுவது மூச்சு. மூச்சை நடத்தும் மூளைப்பகுதி மந்தமாகிறது. மூச்சு குறைகிறது, பிறகு நிற்கிறது. இதயம் அதற்கும் பிறகுதான் நிற்கிறது. இடையில் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் யாராவது வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினாலோ, ஓபியாய்டின் பிடியை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தாலோ பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சொல்லிவிட்டது: இப்படி அளவு மீறுவதை, அதாவது ஓவர்டோஸை, நேரில் காண வாய்ப்புள்ள யாருக்கும், அவர் மருத்துவராக இல்லாவிட்டாலும், நலோக்சோன் கிடைக்க வேண்டும், அதைக் கொடுக்கும் முறையும் கற்றுத்தரப்பட வேண்டும் என்று.

சிக்கல் எங்கே என்றால், மயங்கிய பிறகு தனக்குத்தானே நலோக்சோன் கொடுத்துக்கொள்ள எவராலும் முடியாது. மருந்து மேசையில் இருக்கும். ஆள் தரையில் கிடப்பார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஓவர்டோஸ் மரணங்கள் பெருகியதால் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அங்கே இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தது வீடுகளில், சுவர்களுக்குள். தெருவோரத்தில் விழுபவரை யாராவது பார்த்துவிடுகிறார்கள். பூட்டிய அறைக்குள் விழுபவரை யாரும் பார்ப்பதில்லை.

அதே மாகாணத்தின் வான்கூவர் நகரில் 2003 முதல் இன்சைட் என்ற இடம் இயங்கிவருகிறது. அங்கே செவிலியர் பக்கத்தில் இருக்க, தாங்கள் கொண்டுவந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஓர் இடம் இல்லை. இருந்தாலும் எல்லோரும் போவதில்லை. நானே போனதில்லை. வெட்கம் என்று மேலே சொன்னேனே, அதுதான். தொலைபேசிச் சேவைகள் பிறந்தது இந்த இடைவெளியில். அமெரிக்காவில் 'நெவர் யூஸ் அலோன்' 2019இல் தொடங்கியது. கொரோனா வந்து எல்லோரையும் அறைக்குள் தள்ளிய 2020இல் கனடாவில் அடுத்தடுத்து வந்தன: மே மாதத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லைஃப்கார்டு செயலி, டிசம்பரில் நார்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஓவர்டோஸ் உதவிச் சேவை.

குரலா, கடிகாரமா

இந்தச் சேவைகள் இரண்டு விதம். ஒன்றில் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பார். மற்றதில் ஒரு கடிகாரம்.

கடிகார வகைக்கு லைஃப்கார்டு நல்ல எடுத்துக்காட்டு. செயலியைத் திறந்து, இருக்கும் இடத்தை உறுதிசெய்து, தொடங்குவதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். ஏறக்குறைய 50 வினாடியில் அது அலாரம் அடிக்கும். ஒலி கூடிக்கொண்டே போகும். நீங்கள் நலமாக இருந்தால் பொத்தானைத் தொட்டு நிறுத்தலாம், நேரத்தை நீட்டிக்கலாம். தொடாவிட்டால் 75 வினாடியில் அவசர உதவி மையத்துக்கு இயந்திரக் குரலில் தானாகவே அழைப்பு போகும். 2021இல் ஆல்பர்ட்டா மாகாணம் முதலில் கால்கரி நகரில் கொண்டுவந்த செயலியில் நடுவில் ஒரு படி கூடுதலாக இருந்தது. கடிகாரம் ஓடி முடிந்ததும் ஒரு மையத்திலிருந்து உங்களை அழைத்துப் பார்ப்பார்கள். எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸை அனுப்புவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், குரல்தான் மேல். நான் அதில் வேலை பார்ப்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், கொஞ்சம் உண்மைதான். ஆனால் பாதி சொருகிய கண்ணோடு, பழக்கத்தில் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். கடிகாரத்துக்கு அந்த விரல் மட்டும்தான் தெரியும். பேச்சு குழறுவதும் சொல்லுக்குச் சொல் இடைவெளி நீளுவதும் மனிதக் காதுக்குத்தான் கேட்கும். என்றாலும் முன்பின் தெரியாதவரோடு பேசவே முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் மாமியார் படுத்திருக்க, வாயைத் திறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிகாரம் போதும். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக ஓர் ஆசை பல ஆண்டுகளாக உண்டு: தொலைபேசியே மூச்சைக் கேட்டுவிடாதா என்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜலட்சுமி நந்தகுமாரும் அவருடைய சகாக்களும் அதைச் செய்துகாட்டி 2019இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். தொலைபேசியின் ஸ்பீக்கர் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. அது மார்பில் பட்டுத் திரும்புவதை வைத்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்திலிருந்தே மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் படித்துவிடுகிறது. இன்சைட்டில் வைத்தே சோதித்தார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் ஆய்வகத்தில் வென்றதை நம்பி இன்றிரவைக் கழிக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நல்ல தெளிவோடு இருக்கும் ஒரு பகல்பொழுதில், ஒன்றும் எடுக்காதபோது, ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இந்தச் சேவைகள் பலவும் நன்கொடையிலும் அரசு மானியத்திலும் ஓடுபவை. எண்கள் மாறும், சில மூடப்படும், நேரம் சுருங்கும். இரண்டு ஆண்டுக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்த எண் செத்துப்போயிருக்கலாம். "சும்மா சோதிக்கத்தான் அழைத்தேன்" என்று சொன்னால் எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்படி வரும் அழைப்பு எங்களுக்கும் நிம்மதியான பத்து நிமிடம்.

அழைப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

தொலைபேசியில் இருப்பவரால் உங்களைத் தொட முடியாது. அவரால் முடிந்ததெல்லாம் ஒன்றுதான்: உங்கள் மூச்சு நிற்பதற்கும் உதவி உங்களிடம் வந்துசேர்வதற்கும் இடையில் உள்ள நேரத்தைக் குறைப்பது. அந்த நேரத்தை முக்கால்வாசி தீர்மானிப்பது அழைப்பதற்கு முன் நீங்கள் செய்து வைப்பவைதான்.

முதலில் கதவு. இதை நான் ஒவ்வோர் அழைப்பிலும் கேட்கிறேன், ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு தயக்கம் கேட்கிறது. பூட்டிக்கொண்டு எடுத்துத்தான் நமக்குப் பழக்கம். ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் கீழே வந்து நின்றாலும் பூட்டிய கதவு முன்னால் அவர்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்களுடைய மூளையிலிருந்து கழிகிறது. தாழ்ப்பாளை எடுங்கள், கதவு சாத்தியிருந்தால் போதும். குளியலறைக்குள் போய் எடுக்காதீர்கள். உள்ளே விழுந்தால் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும், வெளியிலிருந்து தள்ளவே முடியாது. அடுக்குமாடி என்றால் கீழ்வாசல் எப்படித் திறக்கும், எந்த எண்ணை அழுத்த வேண்டும், மின்தூக்கி வேலை செய்கிறதா, எத்தனையாவது மாடி என்பதை எல்லாம் சொல்ல வேண்டும். தொலைபேசியின் இருப்பிடப் புள்ளி கட்டடத்தைக் காட்டும். மாடியைக் காட்டும் என்று நம்பாதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் யாராவது புகுந்துவிடுவார்களே என்று அஞ்சுவதற்கு உண்மையான காரணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் குறிப்பாக. அவர்கள் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, அவர் எண்ணை எங்களிடம் சொல்லலாம்.

நாய் இருந்தால் வேறோர் அறையில் அடைத்துவையுங்கள். சிரிக்க வேண்டாம். எசமானர் அசையாமல் கிடக்கும்போது அன்னியர் நால்வர் உள்ளே வந்தால் மிகச் சாதுவான நாயும் குறுக்கே நிற்கும்.

நலோக்சோன் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், இழுப்பறைக்குள் வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்பதை எங்களிடம் சொல்லிவிடுங்கள். வருகிறவருக்கு நாங்கள் சொல்வோம்.

பிறகு தொலைபேசி. சார்ஜரில் செருகியே வையுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், முகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மடியில் வைத்தால் சாயும்போது விழுந்து கட்டிலுக்கு அடியில் போகும். புளூடூத்தை அணையுங்கள். ஒரு முறை அழைத்தவரின் குரல் திடீரென்று மறைந்து, வேறோர் அறையின் ஓசை எனக்குக் கேட்டது. அவருடைய தொலைபேசி தானாக அடுத்த அறையிலிருந்த ஸ்பீக்கரோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இங்கே தொண்டை கிழியக் கத்த, அங்கே அது காலி அறையில் முழங்கிக்கொண்டிருந்தது. செயலி பயன்படுத்துபவர்கள், தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பும் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலாரத்தின் வாயை அவை அடைத்துவிடும்.

எடுத்துக்கொள்வதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த புதிதில்தான் அபாயம் மிக அதிகம். உடம்பு பழைய தாங்கும் திறனை இழந்திருக்கும். கை மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். குடித்திருந்தாலோ தூக்கமாத்திரை போட்டிருந்தாலோ அதைச் சொல்லுங்கள். கொக்கெய்ன்தானே, எனக்கென்ன என்பவர்களும் அழைக்கலாம், அழைக்க வேண்டும். அதில் ஃபென்டானில் கலந்திருப்பது வாங்கியவருக்குத் தெரிவதில்லை, விற்றவருக்குமே பல நேரம் தெரிவதில்லை.

நாங்கள் கேட்பதும் கேட்காததும்

அழைத்ததும் முதலில் முகவரி. பிறகு நீங்கள் பேசும் எண், அழைப்பு துண்டித்துப்போனால் திரும்ப அழைக்க. என்ன எடுக்கிறீர்கள், எந்த வழியில், வீட்டில் வேறு யார், உடம்புக்கு வேறென்ன. இவை கேட்காமல் நாங்கள் "சரி, தொடங்குங்கள்" என்று சொல்வதில்லை. ஏன் எடுக்கிறீர்கள், எப்போது விடப்போகிறீர்கள், வீட்டில் தெரியுமா என்பதையெல்லாம் கேட்பதில்லை. நீங்களாகப் பேசினால் கேட்டுக்கொள்கிறோம்.

பெயர் கட்டாயமில்லை. ஆனால் இதில் எனக்கொரு சொந்தக் கருத்து உண்டு. பலர் அந்த நிமிடத்தில் வாயில் வந்த புனைபெயரைச் சொல்வார்கள். பாதி மயக்கத்தில் இருக்கும் ஒருவர் பத்து நிமிடத்துக்கு முன் தானே சூட்டிக்கொண்ட பெயருக்குத் திரும்ப மாட்டார். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரைக் கொடுங்கள். அதை வைத்து உங்களை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை உரக்கச் சொன்னால் எங்கோ ஆழத்தில் ஒரு செவி நிமிரும்.

தகவல் எங்கே போகும் என்ற கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். நான் இருக்கும் சேவையில் ஆபத்தில்லாமல் முடிந்த அழைப்பின் முகவரித் தாள் அன்றிரவே கிழிபடும். வான்கூவரில் உருவான பிரேவ் செயலி, உங்கள் இருப்பிடத்தை மறைத்தே வைத்து, ஆபத்து என்றால் மட்டும் மறுமுனைக்கு வெளிப்படுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. ஆம்புலன்ஸோடு காவலர்களும் வருவார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும், அதையும் கேளுங்கள். கனடாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த நல்ல சமாரியர் சட்டத்தின்படி, ஓவர்டோஸுக்கு உதவி கேட்டு அழைப்பவர்மீதும் அந்த இடத்தில் இருப்பவர்கள்மீதும் வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் குடையல்ல. விற்பனைக் குற்றத்துக்கும் ஏற்கெனவே நிலுவையிலிருக்கும் கைது ஆணைக்கும் கனடாவின் சட்டம் பாதுகாப்புத் தராது. இதனால்தான் சிலர் ஆம்புலன்ஸுக்கு முன்னால் அழைக்க வேண்டிய ஓர் ஆளை எங்களிடம் சொல்லி வைக்கிறார்கள்: மேல்மாடியில் இருப்பவர், நலோக்சோன் பயன்படுத்தத் தெரிந்தவர். நல்ல ஏற்பாடு, அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்றால். நடு இரவில் முதல்முறையாகக் கேள்விப்படுபவர் பதறி உறைந்துபோவார்.

எவ்வளவு நேரம் இணைப்பில் இருப்பது? ஊசியிலும் புகையிலும் அபாயம் சில நிமிடங்களில் வெளிப்படத் தொடங்கும். அரை மணி நேரம் நாங்கள் கூடவே இருக்கிறோம். விழுங்குவது வேறு கணக்கு. மெத்தடோன் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அதை யாரோ ஒருவர் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் என்னோடு கலகலவென்று பேசி வைத்தால், அந்த அழைப்புக்குப் பொருளே இல்லை. மாத்திரை என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வழி. அல்லது இரவு முழுக்க மணிக்கொரு முறை அழைப்பதாவது.

இடையில் எழுந்து போவதானால் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் கழிப்பறைக்குப் போன ஒருவர் திரும்பி வரும்போது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. என்னை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

சொந்தக்காரரோ நண்பரோ காவலிருந்தால்

இப்படி ஒரு சேவையே இல்லாத நாடுகள்தான் அதிகம். அங்கே இருப்பவர்கள், நம்பும் ஒருவரோடு இதை நடத்திக்கொள்ளலாம். காவலிருக்கப்போகும் உங்களுக்கு நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு தொலைபேசிகள் வேண்டும். ஒன்றில் அவர். மற்றது உதவியை அழைக்க. ஒரே தொலைபேசியை வைத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தால் அவர் மூச்சு உங்கள் காதிலிருந்து போய்விடும்.

அடுத்தது பலர் தடுக்கி விழும் இடம். நீங்கள் வேறு ஊரிலோ நாட்டிலோ இருந்தால், உங்கள் தொலைபேசியில் அவசர எண்ணை அடித்தால் உங்கள் ஊர் மையம்தான் எடுக்கும். அவர்கள் கைமாற்றிவிட நேரமாகும். நாடு வேறென்றால் அதுவும் நடக்காமல் போகலாம். அவருடைய ஊரின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்துக்கு வெளியூரிலிருந்து அழைக்கக்கூடிய முழு நீள எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி, காகிதத்தில் எழுதிவையுங்கள். அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி இன்னொரு நாட்டிலும் இருக்கும் குடும்பங்களில் இது இல்லாவிட்டால் மற்ற எந்த ஏற்பாட்டுக்கும் அர்த்தமில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் எண்ணும் வேண்டும்.

மூன்றாவது, மௌனத்துக்கு ஓர் எல்லை. எவ்வளவு நேரம் பதில் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். முப்பது வினாடி, மூன்று முறை உரத்த அழைப்பு, அதற்குமேல் ஒரு நொடியும் இல்லை என்பது என் கணக்கு. முன்பே முடிவுசெய்யாவிட்டால், அந்த நேரத்தில் மனம் பேரம் பேசும். இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம், தூங்கியிருப்பான், கோபித்துக்கொள்வான் என்று அது சொல்லிக்கொண்டே போகும்.

நான்காவது, குறட்டை. இதைத் தடித்த எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஓபியாய்டு எடுத்த ஒருவர் திடீரென்று ஆழமாக, நீர் கொப்புளிப்பதுபோல் குறட்டை விட்டால் அது தூக்கமல்ல. காற்றுக்குழாய் அடைபடும் ஓசை. "நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், தொந்தரவு செய்ய வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டு வந்தோம்" என்று சொல்லும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உடனே பெயர் சொல்லிக் கத்துங்கள். கண் திறந்து பொருத்தமாகப் பதில் சொன்னால் சரி, முனகினால் சரியல்ல.

வீடியோ அழைப்பு என்றால் கேமரா முகத்தை மட்டுமல்லாமல் மார்பையும் காட்டட்டும், விளக்கு எரியட்டும். உதடும் நகமும் நீலமாகும் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். நம்மைப்போல் கறுத்த தோலில் அந்த நீலம் அப்படிப் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், உதட்டின் உட்புறத்திலும் ஈறிலும்தான் தெரியும். மங்கலான வீடியோவில் நிறத்தை நம்பாமல் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள்.

மௌனம் நீண்டுவிட்டால்

அவசர மையத்திடம் "மூச்சு சரியாக இல்லை, எழுப்ப முடியவில்லை" என்று தொடங்கி, முகவரியையும் கதவு திறந்திருப்பதையும் சொல்லுங்கள். காவலர் பயம் இருக்கும் நாடுகளில் போதைப்பொருள் என்ற சொல்லை அந்தத் தொலைபேசியில் உச்சரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆளிடம் வந்துசேரும் மருத்துவ உதவியாளரிடம் எதை எடுத்தார் என்பதை மறைக்கவே கூடாது.

மேல்மாடிக்காரர் ஆம்புலன்ஸுக்கு முன் ஓடி வந்துவிட்டார் என்று வையுங்கள். ஸ்பீக்கர் வழியாக நீங்கள்தான் அவருடைய மூளை. நான் சொல்வது இந்த வரிசையில்: தோளை உலுக்கு, பெயர் சொல்லிக் கத்து. அசைவில்லையா, மல்லாக்கப் போடு. வாய்க்குள் ஏதாவது இருந்தால் எடு, தலையைப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு ஊது, மார்பு எழுகிறதா பார். சில மூச்சுக்குப் பிறகு நலோக்சோன்: மூக்குத் தெளிப்பான் என்றால் ஒரு நாசியில் முழுதும், ஊசி என்றால் தொடையில், உடைக்கு மேலேயே போடலாம். பிறகு திரும்ப ஊது. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு தானாக வராவிட்டால் இன்னொரு முறை நலோக்சோன். நாடித்துடிப்பே இல்லை என்றால் மார்பை அழுத்த வேண்டும். அவசர மையத்தவர் எண்ணிக்கை சொல்லி நடத்துவார்.

ஐந்து வினாடியை நான் சத்தமாக எண்ணுவேன். பதற்றத்தில் இருப்பவருக்கு ஐந்து வினாடி ஒரு வினாடியாகத் தெரியும். ஓர் இரவு பதினோரு நிமிடம் எண்ணினேன். மறுமுனையில் ஊதியவர் இதற்கு முன் யாருக்கும் முதலுதவி செய்திராத ஒரு மாணவர்.

இப்போது இன்னொரு குழப்பம் கூடியிருக்கிறது. கள்ளச்சந்தைப் பொருளில் பென்சோடயசபைன் வகை தூக்கமருந்துகளும், கால்நடைகளுக்கான சைலசீனும் கலந்து வருகின்றன. நலோக்சோன் இவற்றை முறிக்காது. ஓபியாய்டை மட்டும்தான் முறிக்கும். அதனால் மூச்சு திரும்பியும் ஆள் விழிக்காமல் கிடக்கலாம். விழிக்கவில்லையே என்று மருந்தை மேலும் மேலும் ஏற்றக் கூடாது. மூச்சு வருகிறதா என்பதுதான் கேள்வி. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி தொண்டையில் போகாமல் பார்த்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தால் போதும்.

விழித்துக்கொண்டவர் பெரும்பாலும் நன்றி சொல்ல மாட்டார். நலோக்சோன் போதையை ஒரே வீச்சில் பிடுங்கிவிடுவதால் உடம்பு நடுங்கும், குமட்டும், கோபம் வரும். உடனே இன்னொரு முறை எடுக்கத் தோன்றும். அதைத்தான் தடுக்க வேண்டும்: நலோக்சோனின் பிடி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும், உடம்பிலிருக்கும் ஓபியாய்டு அதற்குமேலும் இருக்கலாம், ஆள் எழுந்து நடந்த பிறகு மீண்டும் மூச்சு நிற்கலாம். மருத்துவமனைக்குப் போக மறுப்பவராக இருந்தால், அந்த நேரம் முழுதும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தொலைபேசி அப்போது போதாது.

பெரும்பாலான இரவுகளில் இவை எதுவும் நடப்பதில்லை. அரை மணி நேரம் மழையைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் பேசுகிறோம். சிலர் பேசாமலே இருக்கிறார்கள், நான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பெயரைச் சொல்கிறேன், அவர்கள் "ம்" என்கிறார்கள். நேரம் முடிந்ததும் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: நாயை வெளியே விடுங்கள், மறக்காமல் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் விழும் ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.